போர்க்காலத்தில் ராயல் என்ஃபீல்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புல்லட் ஓட்டுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் "இது மிலிட்டரி வண்டிங்க" என்று ஒரு பெருமை கட்டாயம் வந்துவிடும். அந்தப் பெருமைக்குப் பின்னால் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துத் தொழிற்சாலையும், அங்கே இரவும் பகலும் வேலை செய்த ஆண்களும் பெண்களும் இருக்கிறார்கள். வண்டியைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அவர்களைப் பற்றி நாம் பேசுவதில்லை. இரண்டாம் உலகப்போரில் அந்தக் கம்பெனி என்ன செய்தது, எப்படிச் செய்தது என்று பலரும் கேட்கிற கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ராயல் என்ஃபீல்டுக்கும் ராணுவத்துக்கும் உறவு எப்போது தொடங்கியது?

மோட்டார்சைக்கிள் செய்வதற்கு முன்பே. ரெட்டிச் ஊசி தயாரிப்புக்குப் பேர்போன ஊர். அங்கே சைக்கிளும் செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனியை 1890களின் தொடக்கத்தில் ஆல்பர்ட் ஈடியும் ராபர்ட் வாக்கர் ஸ்மித்தும் கையில் எடுத்தார்கள். கொஞ்ச நாளிலேயே, மிடில்செக்ஸில் உள்ள என்ஃபீல்டு என்ற ஊரின் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்குத் துல்லியமான உதிரிபாகங்கள் செய்துகொடுக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. வண்டிகளின் பெயர் வந்தது அங்கிருந்துதான். "துப்பாக்கி போலச் செய்யப்பட்டது" என்ற அவர்களுடைய விளம்பர வாசகமும், சின்னத்தில் இருந்த பீரங்கியும் அப்படித்தான் வந்தன. முதல் மோட்டார்சைக்கிள் 1901இல்தான் வெளியானது.

முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்கும் ஜார் மன்னர் ஆட்சியிலிருந்த ரஷ்யாவுக்கும் வண்டிகள் கொடுத்தார்கள். சைட்காரில் விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கி பொருத்திய வண்டிகளும் அப்போதே வந்துவிட்டன.

இரண்டாம் உலகப்போரில் மொத்தம் எத்தனை வண்டிகள் செய்தார்கள்?

சுமார் 55,000. கேட்கப் பெரிதாக இருந்தாலும் பிரிட்டிஷ் கம்பெனிகளிலேயே இது முதலிடம் அல்ல. பிஎஸ்ஏ தன்னுடைய எம்20 மாடலை மட்டும் 1,26,000 வரை செய்தது. நார்டனும் மேட்ச்லெஸும்கூட என்ஃபீல்டைவிட அதிகம். எல்லாம் சேர்த்தால் பிரிட்டன் செய்த ராணுவ மோட்டார்சைக்கிள்கள் நான்கு லட்சத்தைத் தாண்டும்.

ஏன் இவ்வளவு தேவைப்பட்டது என்பதற்கு டன்கர்க்கை நினைத்துப் பார்க்க வேண்டும். 1940 மே, ஜூனில் பிரிட்டிஷ் படை பிரான்சிலிருந்து கப்பலேறித் தப்பியபோது ஆட்களைத்தான் காப்பாற்ற முடிந்தது. சுமார் 20,000 மோட்டார்சைக்கிள்கள் அங்கேயே கிடந்தன. ஊருக்குத் திரும்பிய படைக்கு வண்டிகளை அநேகமாக முதலிலிருந்து செய்துதர வேண்டியிருந்தது.

எந்தெந்த மாடல்கள்?

முக்கியமானவை மூன்று. முதலில் டபிள்யூடி/சி. 346 சிசி, வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கவாட்டில் இருக்கும் சைடு வால்வு என்ஜின். வேகம் குறைவு, ஆனால் கழற்றிப் பூட்ட எளிது. அப்புறம் அதே அளவில், வால்வுகள் சிலிண்டருக்கு மேலே இருக்கும் ஓவர்ஹெட் வால்வு என்ஜின் வைத்த டபிள்யூடி/சிஓ. ஓட்டியவர்களுக்கு இதன் இழுவை பிடித்திருந்தது. மூன்றாவது 125 சிசி டூ ஸ்ட்ரோக் குட்டி வண்டி, ஃப்ளையிங் ஃப்ளீ, அதாவது பறக்கும் தெள்ளுப்பூச்சி. அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, கீழே வருகிறேன். இவை போக 250 சிசி, 570 சிசி வண்டிகளும் உண்டு. டபிள்யூடி என்ற முன்னெழுத்துகள் போர்த்துறையைக் குறிப்பவை.

போர் வந்ததும் தொழிற்சாலையில் என்ன மாறியது?

எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். போர்க்கால உற்பத்தி என்றால் அதே வண்டியை அதிக எண்ணிக்கையில் செய்வது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஒவ்வொரு மாதமும் எதையாவது இழந்துகொண்டே செய்வதுதான் போர்க்கால உற்பத்தி. குரோமியப் பூச்சு போனது. பளபளக்கிற டேங்க் போனது. அலுமினியம் முதலில் விமானங்களுக்குத்தான்.

1942 தொடக்கத்தில் ஜப்பான் மலாயாவைப் பிடித்தது. உலகத்துக்கு ரப்பர் கொடுத்துக்கொண்டிருந்த அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்கள். போர் அவர்களுடைய வாழ்க்கையைப் புரட்டிப்போட்டது. பல்லாயிரம் பேர் சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். அதே நிகழ்வு இங்கிலாந்தின் தொழிற்சாலைகளில் ரப்பர் தட்டுப்பாடாகத் தெரிந்தது. பிரிட்டிஷ் ராணுவ வண்டிகளில் ஹேண்டில்பாரின் கைப்பிடிக்கு ரப்பருக்குப் பதில் கித்தான் துணி வந்தது. ஃபுட்ரெஸ்ட்டில் ரப்பர் இல்லாமல் வெறும் இரும்பு. முழங்காலை அண்டக் கொடுக்க டேங்கின் இரு பக்கமும் இருந்த ரப்பர் பட்டையையும் எடுத்துவிட்டார்கள். பழைய வண்டியொன்றில் இந்த இரும்பு ஃபுட்ரெஸ்ட்டைப் பார்க்கும்போது எனக்கு மலாயாத் தோட்டத்துத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள்தான் ஞாபகத்துக்கு வரும்.

நிறமும் அப்படித்தான். ராணுவ வண்டி என்றாலே பச்சை என்று நினைக்கிறோம். பச்சைச் சாயத்துக்கு வேண்டிய குரோமியம் ஆக்சைடு கிடைப்பது கடினமானதால், போரின் நடுப்பகுதியில் பல வண்டிகள் பழுப்பு நிறத்தில்தான் வெளியே வந்தன. நமக்குப் பழக்கமான ஆலிவ் நிறம் 1944 வாக்கில்தான் வழக்கமானது.

வேலை செய்தது யார்?

இளைஞர்கள் படைக்குப் போனபின் லேத்திலும் துளையிடும் இயந்திரத்திலும் அவர்கள் இடத்துக்குப் பெண்கள் வந்தார்கள். 1941 டிசம்பரில் பிரிட்டன், திருமணமாகாத இளம்பெண்களையும் தேசப் பணிக்குக் கட்டாயமாக அழைக்கும் சட்டம் கொண்டுவந்தது. என்ஃபீல்டில் மட்டுமல்ல, பர்மிங்ஹாம், கவென்ட்ரி வட்டாரத்தின் எல்லாத் தொழிற்சாலைகளிலும் இதே நிலைதான்.

அது ஆபத்தான வேலையும்கூட. 1940 நவம்பர் 14 இரவு கவென்ட்ரி மேல் விழுந்த குண்டுகளில் டிரையம்ப் என்ற மோட்டார்சைக்கிள் கம்பெனியின் தொழிற்சாலை அழிந்தது. ஐந்தே நாளில் பர்மிங்ஹாமின் ஸ்மால் ஹீத் பகுதியிலிருந்த பிஎஸ்ஏ தொழிற்சாலை தாக்கப்பட்டு, இரவு ஷிஃப்ட்டில் இருந்த 53 பேர் செத்துப்போனார்கள். ராணுவ மோட்டார்சைக்கிள் வரலாறு எழுதுகிறவர்கள் என்ஜின் நம்பரையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு இந்த 53 பேரை ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு வருத்தமாக இருக்கும்.

இத்தனை வண்டிகளை வைத்து ராணுவம் என்ன செய்தது?

சினிமாவில் காட்டுவது போல வண்டியில் பறந்துகொண்டே சுடுவதற்காக அல்ல. முக்கியமான வேலை செய்தி கொண்டுபோவது. அந்தக் காலத்து வயர்லெஸ் அடிக்கடி காலை வாரும், எதிரியும் ஒட்டுக் கேட்பான். அதனால் எழுத்தில் உள்ள உத்தரவு, வரைபடம் எல்லாம் ஒரு ஆளின் தோள்பையில் போகும். லாரி வரிசைக்கு முன்னும் பின்னும் ஓடி வழிகாட்டுவதும், சந்திப்புகளில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவதும் மோட்டார்சைக்கிள் ஓட்டிகளின் வேலைதான்.

அந்த வேலையின் கஷ்டத்தைச் சொல்லியாக வேண்டும். விமானத் தாக்குதலுக்குப் பயந்து இரவில் ஊரே இருட்டடிப்பில் இருக்கும். ஹெட்லைட்டுக்கு மூடி போட்டு ஒரு கீற்று வெளிச்சம் மட்டும் விடுவார்கள். ஜெர்மனி படையெடுத்தால் வழி தெரியக்கூடாது என்று 1940இல் இங்கிலாந்தின் ஊர்ப்பெயர்ப் பலகைகளையும் எடுத்துவிட்டார்கள். தெரியாத ஊரில், இருட்டில், மழையில், நேரத்துக்குச் செய்தி சேர வேண்டும்.

விளைவு பயங்கரமானது. ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர் 1941இல் வெளியிட்ட கட்டுரையின்படி, போரின் முதல் 21 மாதங்களில் பிரிட்டனில் மோட்டார்சைக்கிள் ஓட்டியவர்களும் பின்னால் உட்கார்ந்தவர்களுமாக 2,279 பேர் சாலை விபத்தில் இறந்திருந்தார்கள். பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம் தலைக்காயம். ஹெல்மெட் போட்டிருந்தவர்களுக்குக் காயம் லேசாக இருந்ததை அவர் எடுத்துக்காட்டினார். அந்த ஆண்டு நவம்பரில் ராணுவ மோட்டார்சைக்கிள் ஓட்டிகளுக்கு ஹெல்மெட் கட்டாயமானது. 1935இல் லாரன்ஸ் ஆஃப் அரேபியா மோட்டார்சைக்கிள் விபத்தில் அடிபட்டபோது பார்க்க வந்த மருத்துவர்களில் ஒருவர் இதே கெய்ர்ன்ஸ்தான். காப்பாற்ற முடியாமல் போன அந்த மரணம்தான் அவரை இந்த ஆராய்ச்சிக்குத் தள்ளியது. போர் வண்டிகளால் உலகத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய நன்மை எது என்று என்னைக் கேட்டால், தயங்காமல் ஹெல்மெட் என்பேன்.

ஃப்ளையிங் ஃப்ளீ என்பது என்ன? ஜெர்மன் வண்டியின் நகல் என்கிறார்களே?

உண்மைதான். ஆனால் ஏன் நகல் என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது பாதிக் கதை.

நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரத்தில் ஸ்டாக்விஸ் என்ற வணிக நிறுவனம் ஜெர்மனியின் டிகேடபிள்யூ வண்டிகளை விற்றுக்கொண்டிருந்தது. அதில் நன்றாக ஓடியது 98 சிசி ஆர்டி மாடல். ஸ்டாக்விஸ் நிர்வாகத்தில் யூதர்கள் இருந்தார்கள். அதைக் காரணமாக வைத்து, நாஜி ஆட்சியின்கீழ் இருந்த ஜெர்மன் தரப்பு 1938இல் அவர்களுடைய விற்பனை உரிமையைப் பறித்தது. கடையை மூடிவிட்டுப் போகாமல், அந்த நிறுவனம் டிகேடபிள்யூ வண்டியை ரெட்டிச்சுக்குக் கொண்டுபோய் "இதே மாதிரி ஒன்று செய்து தாருங்கள்" என்று கேட்டது. என்ஃபீல்டின் வடிவமைப்பாளர் டெட் பார்டோ என்ஜினை 125 சிசி அளவுக்குப் பெரிதாக்கிச் செய்துகொடுத்தார். 1939 வசந்த காலத்தில் ராட்டர்டாமில் "ராயல் பேபி" என்ற பெயரில் காட்சிக்கும் வைத்தார்கள். விற்பனை சூடுபிடிப்பதற்குள் போர் வந்தது. 1940 மே மாதம் ஜெர்மனி நெதர்லாந்தைப் பிடித்தது, ராட்டர்டாமின் மையப் பகுதி குண்டுவீச்சில் எரிந்தது.

வாங்க ஆளில்லாமல் போன அந்த வண்டியின் மேல் பிறகு, விமானத்திலிருந்து தரையில் இறங்கிப் போரிடும் பிரிட்டிஷ் வான்வழிப் படையின் கண் விழுந்தது. எடை 60 கிலோவுக்கும் குறைவு. வேலி குறுக்கே வந்தால் இரண்டு பேர் தூக்கி அந்தப் பக்கம் போட்டுவிடலாம். இனவெறியால் ஒரு வியாபாரியை விரட்டியதன் விளைவாகப் பிறந்த வண்டி, அதே ஆட்சியை எதிர்த்து நடந்த போருக்குப் போனது. இந்த வண்டியைப் பற்றி எழுதும்போது ஸ்டாக்விஸ் பெயரை விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அதை நிஜமாகவே பாராசூட்டில் இறக்கினார்களா?

இறக்கினார்கள். இரும்புக் குழாய்களால் கூண்டு போல ஒரு சட்டம் செய்து, வண்டியை அதற்குள் பூட்டி, மேலே பாராசூட்டைக் கட்டினார்கள். இடத்தை அடைக்காமல் இருக்க ஹேண்டில்பாரைத் தளர்த்தித் திருப்பிவிடலாம். ஃபுட்ரெஸ்டும் கிக்கரும் மடங்கும். சாய்ந்தாலும் பெட்ரோல் ஒழுகாதபடி டேங்க் மூடியின் காற்றுத் துளையை அடைத்துக்கொள்ளலாம். சத்தம் வெளியே கேட்காமலிருக்க சைலன்சரில் தனிக் கவனம் எடுத்தார்கள். தரையில் இறங்கியதும் கூண்டைக் கழற்றி, ஹேண்டில்பாரை நேராக்கி, உதைத்துக் கிளப்பிப் போக வேண்டியதுதான். மூன்று கியர், அதுவும் கையால் மாற்றுவது. முன் ஃபோர்க்கில் அதிர்ச்சியைத் தாங்க ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் வளையங்கள்.

ஆனால் பாராசூட் படங்கள் புகழ்பெற்ற அளவுக்கு அது மட்டுமே வழி அல்ல. ஹோர்சா என்ற, மரத்தால் செய்த, என்ஜின் இல்லாத கிளைடர் விமானங்களில் ஏற்றிப் போனவையும் உண்டு, கப்பலில் நார்மண்டி கடற்கரைக்கு வந்தவையும் உண்டு. கடற்கரை மணலில் வந்து குவிந்த வண்டிகளையும் ஆட்களையும் ஒழுங்குபடுத்த இந்தக் குட்டி வண்டி உதவியது.

1944 செப்டம்பரில் நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் போரிலும் இது போனது. அங்கே வயர்லெஸ் கருவிகள் சரியாக வேலை செய்யாமல் படைப்பிரிவுகள் ஒன்றோடொன்று பேச முடியாமல் தவித்தன. செய்தி சுமக்கும் ஆளின் அருமை அப்படிப்பட்ட இடத்தில்தான் தெரியும். இருந்தும் ஆர்ன்ஹெம் தோல்விதான். வானிலிருந்து இறங்கிய சுமார் 10,000 பேரில் ரைன் ஆற்றைக் கடந்து திரும்பியவர்கள் ஏறத்தாழ 2,400 பேர். ஒரு நல்ல வண்டியால் மாற்றக்கூடிய விஷயம் இல்லை அது.

வெல்பைக்கும் இதுவும் ஒன்றா?

இல்லை. வெல்பைக் எக்செல்சியர் கம்பெனி செய்தது. 98 சிசி, 32 கிலோ, மடக்கி உருளைப் பெட்டிக்குள் வைத்து வானிலிருந்து போடலாம். சக்கரம் மிகச் சிறியது என்பதால் கரடுமுரடான தரையில் திணறியது.

ஜெர்மன் வண்டிகள் இவற்றைவிடச் சிறந்தவையா?

பொறியியல் அழகு என்று பார்த்தால் பிஎம்டபிள்யூ ஆர்75, சுண்டாப் கேஎஸ்750 இரண்டும் ஒரு படி மேலேதான். சைட்கார் சக்கரத்துக்கும் என்ஜின் இழுவை போகும், ரிவர்ஸ் கியர் உண்டு. ஆனால் அவற்றைச் செய்யச் செலவும் நேரமும் அதிகம். இரண்டுமே தலா 20,000ஐ எட்டவில்லை. சேற்றில் நின்றுபோன வண்டியைச் சாதாரண மெக்கானிக் ஒருவர் சாலையோரத்திலேயே சரிசெய்ய வேண்டும் என்ற நிலையில், நான் பிரிட்டிஷ்காரர்களின் ஒற்றை சிலிண்டர் பக்கம்தான் நிற்பேன்.

சுரங்கத்துக்குள் தொழிற்சாலை இருந்தது என்பது கட்டுக்கதையா?

கட்டுக்கதை இல்லை. குண்டுவீச்சுக்குப் பயந்து முக்கியமான உற்பத்தியைப் பல இடங்களுக்குப் பிரித்தபோது, வில்ட்ஷயரில் பிராட்ஃபர்டு ஆன் ஏவன் ஊருக்குப் பக்கத்தில், வெஸ்ட்வுட் என்ற இடத்தில் பழைய கல் சுரங்கம் ஒன்று என்ஃபீல்டுக்குக் கிடைத்தது. பாத் நகரத்துக் கட்டடங்களில் பார்க்கிற மஞ்சள் நிறக் கல் வெட்டிய சுரங்க வகை அது. ஆனால் அங்கே போர்க்காலத்தில் செய்தது மோட்டார்சைக்கிள் அல்ல. விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கான குறி கணிப்புக் கருவிகள். பறந்துகொண்டிருக்கும் விமானம், குண்டு போய்ச் சேருகிற நேரத்தில் எங்கே இருக்கும் என்று உயரம், வேகம், திசையை வைத்துப் பல்சக்கரங்களாலேயே கணக்குப் போடும் இயந்திரம். கணினி வருவதற்கு முந்தைய காலத்துக் கணினி என்றே சொல்லலாம். மயிரிழை பிசகினாலும் குண்டு வீணாகிவிடும். துப்பாக்கி உதிரிபாகம் செய்து பழகிய கம்பெனிக்கு இந்த வேலை போனதில் ஆச்சரியமில்லை.

அதே வெஸ்ட்வுட் சுரங்கத்தின் இன்னொரு பகுதியில் பிரிட்டிஷ் மியூசியம், விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் இரண்டின் அரும்பொருள்களையும் போர் முடியும்வரை பத்திரமாக வைத்திருந்தார்கள்.

சைக்கிள், ஜெனரேட்டர் எல்லாமும் போருக்காக என்ஃபீல்டு செய்தவைதான்.

போர் முடிந்ததும் அந்த வண்டிகள் என்ன ஆயின?

ராணுவம் தேவைக்கு மிஞ்சியவற்றை மொத்தமாக விற்றது. கம்பெனிகளும் வியாபாரிகளும் வாங்கி, பழுது பார்த்து, கறுப்பு பெயிண்ட் அடித்துப் பொதுமக்களுக்கு விற்றார்கள். புது வண்டிகள் பெரும்பாலும் ஏற்றுமதிக்கே போனதால், உள்ளூரில் சாதாரணக் குடும்பங்களுக்குக் கிடைத்தது இந்தப் பழைய ராணுவ வண்டிதான். ஃப்ளையிங் ஃப்ளீயும் ஆர்இ என்ற பெயரில் வேலைக்குப் போகிறவர்களின் சிக்கன வண்டியாகத் தொடர்ந்தது.

டிகேடபிள்யூவின் 98 சிசி வண்டிக்கு அண்ணன் போன்ற 125 சிசி மாடலுக்கும் பிற்காலத்தில் ஊரெல்லாம் வாரிசுகள் வந்தன. பிஎஸ்ஏ பாண்டம், ஹார்லி டேவிட்சனின் சிறிய டூ ஸ்ட்ரோக், யமஹாவின் முதல் வண்டியான ஒய்ஏ-1 எல்லாம் அந்த வடிவத்திலிருந்து வந்தவையே.

அப்படியானால் நம் ஊர் புல்லட் போர்க்கால வண்டியா?

நேரடியாக இல்லை. புல்லட் என்ற பெயர் 1930களிலேயே இருந்தது. நமக்குத் தெரிந்த புல்லட், பின்சக்கரத்துக்கும் சஸ்பென்ஷன் வைத்து 1940களின் கடைசியில் வந்த புது வடிவம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். போர்க்கால சிஓ என்ஜினின் சிலிண்டர் துளை 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 90 மில்லிமீட்டர், மொத்தம் 346 சிசி. புல்லட் 350க்கும் அதே 70, அதே 90, அதே 346. என்ஜின் மாறியது, அளவு மாறவில்லை.

சுதந்திர இந்தியாவின் ராணுவம் எல்லைக் காவலுக்கு வலுவான வண்டி தேடியபோது 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. அந்தத் தேவையை ஒட்டி, 1955இல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. சென்னையின் வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள், பிறகு படிப்படியாக எல்லாவற்றையும் இங்கேயே செய்தார்கள். ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. கடைசி சில ஆண்டுகள் இங்கிலாந்தில் வண்டி செய்தது எங்கே தெரியுமா? பிராட்ஃபர்டு ஆன் ஏவனில், போர்க்காலத்தில் குறி கணிப்புக் கருவி செய்த அந்த இடத்தில்தான். 1970இல் அதுவும் நின்றது. திருவொற்றியூர் நிற்கவில்லை.

இப்போது ஃப்ளையிங் ஃப்ளீ என்ற பெயரில் வருவது என்ன?

2018இல் ராயல் என்ஃபீல்டு, பழைய வண்டியை நினைவுகூர்ந்து கிளாசிக் 500 பெகாசஸ் என்று உலகம் முழுவதற்குமாக 1,000 வண்டிகள் மட்டும் விட்டது. பெகாசஸ் பிரிட்டிஷ் வான்வழிப் படையின் சின்னமான சிறகு முளைத்த குதிரை. 2024 நவம்பரில் மிலான் கண்காட்சியில் மின்சார வண்டிகளுக்கு ஃப்ளையிங் ஃப்ளீ என்று பெயர் வைத்து முதல் மாடலைக் காட்டினார்கள். எடை குறைந்த வண்டிக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான். அந்த விளம்பரங்களில் பாராசூட்டோடு ராட்டர்டாமும் இடம்பெற வேண்டும் என்று எனக்கு ஆசை.

பச்சை பெயிண்ட் அடித்த பழைய வண்டியை "போர் வண்டி" என்று விற்கிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது?

பெயிண்டை நம்பவே வேண்டாம். முன் ஃபோர்க்கைப் பாருங்கள். போர்க்கால என்ஃபீல்டில் இரண்டு பக்கமும் சட்டங்களும் நடுவில் ஸ்பிரிங்கும் (ஃப்ளையிங் ஃப்ளீயில் ரப்பர் வளையங்களும்) கொண்ட கர்டர் ஃபோர்க்தான் இருக்கும். வழவழப்பான குழாய் ஃபோர்க் இருந்தால், ஒன்று வண்டி போருக்குப் பிந்தையது, அல்லது பிற்பாடு மாற்றியது. பின்சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பர் இருந்தால் பேச்சே வேண்டாம், அது புல்லட் வம்சம். அதன்பிறகு சட்டத்திலும் என்ஜினிலும் உள்ள எண்களை எழுதிக்கொண்டு, பழைய வண்டிப் பதிவேடுகளோடு பழக்கமுள்ள சங்கத்திடம் காட்டிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.